சுவருக்கு வெளியே பதினான்கு பேர்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் சுகம்தானே? நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய். கல்லறைத் தோட்டத்தில் உனக்கு அப்படியென்ன பேச்சுத்துணையோ!

வயிற்றுக் கட்டியை இனி அறுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்காலம்வரை தாங்கினால் அதிகமாம். வீட்டில் ஆளுக்கொரு வழியில் எனக்காக அலைகிறார்கள். மகன் புதுச் சபை ஒன்றில் கைதட்டிப் பாடி ஜெபிக்கிறான். மருமகள் வேறு மதம். அவள் சாமியிடம் அவள் கேட்கிறாள். உன் அத்தான்தான், பாப்பா போனதிலிருந்து கடவுளும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றிருப்பவர், மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் எடுத்துத் தருகிறார்.

எனக்கு ஒரே ஆசை. பாப்பாவை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் என்னை வை. சுவருக்கு வெளியேதானே, யார் தடுக்கப்போகிறார்கள்?

உன் அக்கா

ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் முட்டிவலி அப்படியேதான். குழி வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. ஓரம் சீவுவது மட்டும் என் வேலை.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உள்ளேயே, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். நல்ல நிழல். இப்போதிருக்கும் போதகர் யார் எந்தச் சபை என்று துருவுவதில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் கேட்டது ஒன்று, நீ சொல்வது ஒன்று. அம்மாவுக்குத் துணை அப்பா இருக்கிறார். பாப்பாவுக்கு யார்?

நம் சபையில் பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம். அத்தானின் சபையில், வளர்ந்து விவரம் தெரிந்த பிறகுதான். ஒன்பது நாள் பிள்ளைக்கு விவரம் எங்கே தெரியும்? அன்றைய போதகர் வாசலிலேயே மறித்தார். "தண்ணி படாத பிள்ளை. உள்ள வைக்க முடியாது." அத்தானின் சபை மூப்பர்கள், "எங்களுக்குன்னு தோட்டம் இல்லை. வெறும் உடம்புதானே, எங்க வெச்சா என்ன?" என்றார்கள். பாப்பாவை வைத்த பழப்பெட்டியோடு வெயிலில் நின்ற உன் அத்தானிடமிருந்து அதை வாங்கியது நீ ஒருவன்தான். உனக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கையை நான் மறக்கவில்லையடா.

அப்பா அடக்கத்துக்கு வந்தபோது அந்த இடத்தைப் பார்த்தது. அது அப்படியே இருக்கிறதா? ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா

ஜூலை 28

அக்கா,

நாலு தாள் கிழித்துவிட்டேன். இனி மறைத்துப் பயனில்லை.

அந்த இடம் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் அங்கே தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அடியில் கல்லறை உண்டென்றால் அனுமதி கிடைக்காது. கமிட்டிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "காலி இடம்னு எழுதிக் குடு. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணு." தோட்டக்காரன் வீடு, வேலை போனால் அதுவும் போகும். வெளியே புதைத்தவர்களை அப்பா, தான் தோட்டக்காரராக இருந்தவரை, பதிவேட்டில் எழுதியதே இல்லை. அந்தப் பதிவேட்டைக் காட்டி, இங்கே யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

பதினான்கு பேர் இருந்தார்கள் அக்கா. எந்த மதமென்று தெரியாமல் ஆற்றில் ஒதுங்கியவன். சாமியே இல்லை என்ற பள்ளிக்கூட வாத்தியார். வேறு மதத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள். தூக்குப் போட்டுக்கொண்ட தையல்காரர். இன்னும் எட்டுப் பேர். நம் பாப்பா.

ஞாயிறுதோறும் நான்தான் வண்டிகளுக்குக் கை காட்டுகிறேன். பாப்பா இருக்கும் இடத்தில் மட்டும் யாரையும் நிறுத்த விடுவதில்லை. செடித்தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். தினம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

நீ என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி

ஆகஸ்ட் 11

தம்பி,

உன் கடிதத்தை அத்தான்தான் உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் படித்தார்.

என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மகன்தான் அழுதான். "உயிர்த்தெழுற நாள்ல உடம்பு வேணாமாம்மா?" என்றான். "எழுந்து எங்கேடா போய்த் தேடுவேன்?" என்றேன்.

போதகர் மறித்தார், மூப்பர்கள் கைவிரித்தார்கள். அவர்கள்கூட என் பிள்ளை இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

அந்தத் தொட்டியை எடுத்துவிடு. மற்ற பதின்மூன்று பேர்மேல் வண்டி நிற்கிறதே, அவள்மேலும் நிற்கட்டும். உன் மனசு ஆறுவதற்காக அவள் தலைமேல் செடி வளர்க்காதே.

இனி எழுதாதே. செய்தி வந்தாலும் வராதே.

பாப்பாவின் அம்மா