பக்கம் 112-இல் ஒரு பூனை

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "இருக்கு சார், என் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில."

சங்கச் செயலாளர் கடைக்கு வந்திருந்தார். பதினைந்தாம் தேதி எங்கள் சமூகச் சங்கத்தில் கண்காட்சி. "நம்ம ஆளுங்களோட வரலாறுன்னு ஒரு புத்தகம் முன்னாடி வந்ததாமே, இங்க இருக்காம்மா?" என்று கேட்டார். "இல்லையே சார்" என்றேன். நான்கு வருஷமாக இந்தப் பழைய புத்தகக் கடையில் இருக்கிறேன். இல்லாத புத்தகத்தை வரவழைத்துத் தருகிறேன் என்று அளந்திருக்கிறேன். இருப்பதை இல்லை என்றது இதுதான் முதல் தடவை. காதெல்லாம் சுட்டது. டப்பா வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

போன வாரம், வீடு மாறிப் போகும் ஒரு பாட்டு டீச்சரிடமிருந்து மூன்று பெட்டி புத்தகம் வந்தது. பிரித்து அடுக்கச் சொன்னார் முதலாளி. பிரிப்பது என்றால் எனக்குப் படிப்பது. மூன்றை மட்டும் தனியே ஒதுக்கிக்கொண்டேன். எங்கள் சமூகத்தின் வரலாறு ஒன்று. அரண்மனை வித்துவான்களைப் பற்றி ஒன்று. கதைகளில் மட்டும் வாழும் விலங்குகளைப் பற்றி, படங்களோடு, ஒன்று. அதிர்ஷ்டக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். வரலாற்றில் 112-ஆம் பக்கம் வரும் வரை.

மார்ச் 4, புதன்

எழுதினால்தான் தூக்கம் வரும்.

எங்கள் கூடத்தில் தந்தியில்லாத வீணை ஒன்று இருக்கிறது. அம்மா கல்யாணமாகி வரும்போது கூடவே வந்தது. அம்மாவின் தாத்தா அரண்மனையில் வாசித்த வீணை என்பது வீட்டு வரலாறு. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் இந்த வரலாறு தொடங்கிவிடும். "ரத்தத்துல இருக்கு" என்று என்னை எட்டு வயதிலிருந்து ஏழு வருஷம் பாட்டு வகுப்புக்கு அனுப்பினாள் அம்மா. குரல் வராது என்று மூன்றாம் வருஷம் டீச்சர் வீணைக்கு மாற்றினார். ஏழாம் வருஷம், "நல்லா கேக்குறா, ரசிகையா வருவா" என்று அனுப்பிவைத்தார். ஒரு பரம்பரையையே என் பத்து விரலால் அறுத்துவிட்டேன் என்று அன்றைக்கு அழுதது நினைவிருக்கிறது.

பக்கம் 112 சொல்வது: கொள்ளுத்தாத்தா வித்துவான் இல்லை. வீணை செய்யும் பட்டறையில் மரம் செதுக்கியவர். அவர் தனியாகச் செய்த முதல் வீணையை வித்துவான் திருப்பி அனுப்பிவிட்டார். வீணையின் கழுத்து முனையில் யாளி முகம் இருக்க வேண்டிய இடத்தில் "கோபித்துக்கொண்ட பூனை" இருக்கிறதாம். அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

பெயர், தகப்பன் பெயர், தெரு, எல்லாம் சரி. பூனையின் இடது காது கொஞ்சம் சின்னது என்பது வரை.

மார்ச் 6, வெள்ளி

அறிஞர்கள் செய்வதைச் செய்தேன். எனக்குப் பிடிக்காத புத்தகத்தை மற்ற புத்தகங்களை வைத்துத் தோற்கடிக்கப் பார்த்தேன்.

இசைப் புத்தகத்தின் பின்னால் அரண்மனைக் கலைஞர்களின் பட்டியல் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை விரலை வைத்துப் பார்த்தேன். இல்லை. சங்கு ஊதியவர் பெயர்கூட இருக்கிறது.

விலங்குப் புத்தகத்தில் பதினான்கு யாளிகள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, தந்தம். காலையில் அம்மா எண்ணெய்த் துணியால் வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று நம்முடையதைப் பார்த்தேன். தந்தமும் இல்லை, துதிக்கையும் இல்லை. யாரோ அதன் பாலைக் கொட்டிவிட்டது போல ஒரு முகம்.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லம்மா. கம்பீரமா இருக்கு."

மார்ச் 7, சனி

வரலாற்றைத் தோட்டக்கலைத் தட்டில், பூச்சி மருந்துப் புத்தகங்களுக்கு நடுவில் செருகிவிட்டேன். அந்தத் தட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. மூளை இருக்கிறது எனக்கு.

மார்ச் 10, செவ்வாய்

வீணை கண்காட்சிக்குப் போகிறது. அம்மாவே செயலாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இரவு சாப்பிடும்போது வெள்ளை அட்டை ஒன்றை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். 'அரண்மனை வித்துவான் வாசித்த வீணை'ன்னு எழுதிக் குடு."

பேனா சரியில்லை என்றேன். மூன்று பேனா கொண்டுவந்தாள்.

கை ஈரமாக இருக்கிறது என்றேன்.

இப்போது அட்டை என் மேஜைமேல் இருக்கிறது. எத்தனை பெரிய பொய்களைப் புத்தகங்களில் படித்து ரசித்திருக்கிறேன். நாலு வார்த்தைப் பொய்யை எழுத வரவில்லை. எழுதாமலிருப்பது நேர்மை என்றால் அப்படியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லவும் வாய் வரவில்லை. சபையில் அவள் தலைகுனிந்து நிற்பதை நினைத்தால்... சரி, வெறும் கோழைத்தனம்தான். அதற்கு எதற்கு இத்தனை வரி.

மார்ச் 13, வெள்ளி

புத்தகம் விற்றுப்போய்விட்டது.

மத்தியானம் வங்கிக்குப் போய்த் திரும்பினேன். முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. "உங்க சங்கத்துக்காரர் வந்தாரு. ரோஜாச் செடியில பூச்சியாம், புத்தகம் தேடுனாரு. தேடுன இடத்துல அவர் கேட்ட வரலாறே கிடைச்சிருச்சு. மனுஷன் கண் கலங்கிட்டாரு."

"பூச்சிப் புத்தகம்?"

"அதை மறந்துட்டுப் போயிட்டாரு."

மூளை இருக்கிறதாம் எனக்கு.

மார்ச் 14, சனி

காலையில் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரை மறந்துபோய், "அம்மா, அது யாளி இல்ல" என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, தோட்டக்கலை, ரோஜாப் பூச்சி வரை. செயலாளர் இந்நேரம் 112-ஐத் தாண்டியிருப்பார் என்றும் சொன்னேன்.

அம்மா எழுந்து போய் வீணைக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

"பூனைதான்" என்றாள்.

"ம்."

"முப்பது வருஷமா இந்த மூஞ்சியத் தொடைக்கிறேன். எனக்கே சில நாள் தோணும். வித்துவான் வீட்டு யாளி இப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுருவேன்." என்னைப் பார்க்காமலே, "அப்போ உன்னைப் போட்டு ஏழு வருஷம் படுத்துனது?"

"பரவால்லம்மா."

"பிடிக்கலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். பத்து நாளாகத்தான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழக்கம் எட்டு வயதிலேயே வந்திருக்கிறது.

வீணையை அனுப்ப வேண்டாம், உடம்பு சரியில்லை என்று போன் செய்கிறேன் என்றேன். "யாருக்கு உடம்பு சரியில்ல, பூனைக்கா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை. நானும்தான். அதில் ஒன்றும் பெருமையில்லை, சமைக்கவில்லை.

சாயங்காலம் அட்டையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "எழுது."

அவள் சொன்னபடியே எழுதினேன். பேனா நன்றாகவே எழுதியது.

மார்ச் 15, ஞாயிறு

கண்காட்சி. செயலாளர் கையில் புத்தகம், 112-இல் விரல். எங்கள் மேஜைக்கு எப்படி வருவது என்று தெரியாமல் இரண்டு தடவை சுற்றிப் போனார். மூன்றாவது தடவை வந்து அட்டையைப் படித்தார்.

செய்தவர்: என் தாத்தா.
வாசித்தவர்: யாருமில்லை. வித்துவான் வேண்டாம் என்றுவிட்டார்.

விரலை எடுத்துப் புத்தகத்தை மூடினார். "எழுத்து நல்லா இருக்கே, யாரோடது?" என்று கேட்டார்.

"என் பொண்ணு" என்றாள் அம்மா. வேறெதுவும் சேர்க்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

வீணை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. செயலாளருக்கு ரோஜாப் பூச்சிப் புத்தகத்தைத் தேடிக் கொடுத்தேன். அது வரலாற்றுத் தட்டில் இருந்தது, யார் வைத்தார்கள் என்று கேட்க வேண்டாம். யாளிகளைக் காட்ட நான் கொடுத்த விலங்குப் புத்தகத்தை அம்மா திருப்பித் தரவில்லை.

இன்று காலை எண்ணெய்த் துணியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். உள்ளேயிருந்து கேட்டாள்: "பூனையத் தொடைச்சிட்டியா?"