வாசல் தாண்டிய சேலை

30-8-87, ஞாயிறு

காலையில் வெள்ளிமலைக்கு ஒரு சவாரி. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பாதி மலையில் நிறுத்தி, ஓடைத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சித் திட்டி மேலே ஏற்றினேன். திரும்பி வந்து டாக்சி ஸ்டாண்டில் கடைசியாகப் போட்டேன். நாலு மணிக்குள் முன்னால் நின்ற வண்டியெல்லாம் போய், என் முறை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? அரங்கநாதன். என் தங்கை மணிமொழியின் புருஷன். சர்க்கார் ஆபீஸ் கிளார்க்கு. ஆறு வருஷமாக என் முகத்தில் முழிக்காதவன், அவளையும் முழிக்க விடாதவன்.

என் வண்டியைச் சாக்கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டி, பின்னால் நின்ற வேடியப்பன் வண்டிக்குப் போனான்.

"மீனம்பாக்கம் போவணும். பத்தொம்பதாந் தேதி காலைல பிளேனு."

"முறை கண்ணாயிரம் அண்ணனுதுங்க" என்றான் வேடியப்பன். "அவர உட்டுட்டு யாரும் ஏத்த மாட்டோம். ஸ்டாண்டு கட்டுப்பாடு."

வேறு ஸ்டாண்டுக்குப் போகலாம்தான். அதற்குச் சின்னசேலத்துக்குப் போகவேண்டும். பஸ் ஏறிப் போய்க் கார் பிடிக்கிற ஆளா அவன்? டீக்கடை ஷேக் பரீத் பாயிடம் திரும்பினான். "பாய், அந்த டிரைவர்கிட்ட சொல்லு."

நான் நாலடி தள்ளித்தான் நிற்கிறேன். நானும் பாயிடமே சொன்னேன். "பாய், ஐயாவக் கேளு. பிளேனு எந்த ஊருக்கு?"

"அந்தமான். அங்க கீற தம்பி தீனதயாளன் டிக்கெட்டு அனுப்பிக்கிறான். ரெண்டு பேருக்கு. ஒரு வாரம் தீவு சுத்தறதுக்கு."

"பிளேன்ல வடை குடுப்பாங்களான்னு கேட்டு வச்சுக்கினு ஏறச் சொல்லு பாய்."

ஸ்டாண்டே சிரித்தது. அவன் முகம் கறுத்தது. வெற்றிலை பாக்கோடு அட்வான்சை என் கையில் தராமல் பானெட்டின்மேல் வைத்துவிட்டுப் போனான். வேறு ஆளாக இருந்தால் அதை அப்படியே காக்காய்க்கு விட்டிருப்பேன். எடுத்துக்கொண்டேன். ஏன்? கள்ளக்குறிச்சியிலிருந்து மீனம்பாக்கம் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் மணி என் பின்சீட்டில் இருப்பாள்.

3-9-87

இரண்டு பஞ்சர். ஒரே நாளில். எல்லாம் அன்றைக்கு அரங்கநாதன் வைத்த கண்.

6-9-87, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க எழுதிவிட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டு பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். சும்மா மிரட்டல் இல்லை. ரோட்டு மரங்களை வெட்டிப் போட என் பெரியப்பா மகன்களே கோடாலிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் களை எடுக்கப் போகிற வீடுகள்தான் எங்கள் பக்கம் எல்லாம். கேட்கட்டும். கேட்காமல் யார் கொடுத்தார்கள்?

ஆனால் பதினெட்டாம் தேதி கிளம்பினால் உளுந்தூர்ப்பேட்டையைக்கூடப் பார்க்க முடியாது. பாய் வழியாகச் சொல்லி அனுப்பினேன். பதினாறே கிளம்பிவிட வேண்டும், பல்லாவரத்தில் பாயின் தங்கச்சி ரஜியா வீடு இருக்கிறது, மூன்று நாள் அங்கே தங்கலாம் என்று.

பதில் வந்தது: "நான் கவர்மெண்டு ஆளு. என்ன எவன் மறிப்பான்? டிரைவர் ஸ்டீரிங்கப் பாத்தா போதும்."

ஒதுக்கீடு கிடைத்தால் முதலில் மகனுக்கு விண்ணப்பம் எழுதப் போகிறவன் இவன்தான். மறிக்கிறவனைத் திட்டுகிறவனும் இவன்தான்.

9-9-87

மார்க்கெட்டில் மணியைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம். என்னைப் பார்த்துவிட்டு, கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே காய்க்காரம்மாவிடம் கேட்டாள்: "ஏம்மா, பிளேன்ல ஜன்னல தொறக்கலாமா?"

காய்க்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சுரைக்காயைத் தட்டிக்கொண்டே சொன்னேன்: "தொறக்கலாம். எச்சி மட்டும் துப்பக்கூடாது."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறபோது சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அவள் இன்னும் கடல் பார்த்ததில்லை. மாசி மகத்துக்கு அப்பா எங்களைக் கடலூருக்குக் கூட்டிப்போக இருந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போய் வந்தேன். வந்ததும் சும்மா இருந்தேனா? "இனிமே போவாத மணி. கடல்ல தண்ணி இல்ல. எல்லாத்தையும் நானே குடிச்சிட்டேன்" என்றேன். ஏழு வயசுப் பிள்ளை. நம்பிவிட்டு அழுதாள்.

என் வாய் இருக்கிறதே. ஆறு வருஷச் சண்டையும் அதனால்தான். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நான் பந்தியில் உட்காரப் போனேன். அரங்கநாதன் தோளைத் தொட்டு, "டிரைவருங்க எல்லாம் ரெண்டாம் பந்தி" என்றான். எழுந்து போயிருக்கலாம். நான் சபை நடுவில் நின்று, "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ஒம்போது வடை தின்னவரு பந்திக் கணக்கு சொல்றாரு, கேளுங்க" என்றேன். அவன் ஆபீசர் உட்பட இலையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய கதவு. தப்பு அவனுடையதுதான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது மணி.

12-9-87

அவனுக்கே பயம் வந்துவிட்டது போல. பதினாறு கிளம்பலாம் என்று இறங்கி வந்தான். வந்த வேகத்தில் பஞ்சாங்கம் கையைப் பிடித்துவிட்டது. பதினாறு புதன்கிழமை. வடக்கே சூலம். மெட்ராஸ் வடக்கே. போகக்கூடாதாம்.

பாயிடம் சொன்னேன்: "ஐயாகிட்ட சொல்லு. ஆகாத நாள்ல போறவங்க, நல்ல நாள் பாத்து துணிய முன்னாடியே வேற வூட்டுல கொண்டுபோயி வச்சிடுவாங்க. துணி கிளம்பிட்டா ஆளு கிளம்பின மாதிரி. பரஸ்தானம். நாளைக்கு ஞாயித்துக்கிழம நல்ல நாளு."

ஜோசியரும் அதையே சொன்னாராம். மெட்ராஸ் போகிற திசையில், விளக்கு எரிகிற, அடுப்பு எரிகிற வீடாக இருக்கவேண்டும். போகிறவரே கொண்டுபோய் வைக்க வேண்டும். போகும்போது வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக்கூடாது.

தியாகதுருகம் ரோட்டில் அவனுக்குத் தெரிந்த வீடு எது? என் வீடு ஒன்றுதான்! பாய் இதைச் சொல்லிவிட்டு டீ ஆற்ற முடியாமல் சிரித்தார்.

13-9-87, ஞாயிறு

வந்தார்கள்.

அவன் தெருமுனையோடு நின்றுவிட்டான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மணி மட்டும் பையோடு வந்தாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் வாசலில் அவள் கால்.

என் பொண்டாட்டி ஜெயம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். மணி உள்ளே வந்து, சாமி படத்துக்குக் கீழே பையை வைத்தாள். ஜெயம்மாள் பையைத் தொட்டுப் பார்த்து, "இன்னா மணி, ஒரே லேசா கீது?" என்றாள்.

"என் சேலை மட்டுந்தான் அண்ணி. டிக்கெட்டு ரெண்டும் அதுலயே கீது. அவரு துணிய வைக்கல."

"ஏன்?"

மணி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "'என் வேட்டி அந்த டிரைவர் வூட்டுத் தரையில படாது'ன்னுட்டாரு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. போய்ச் சைக்கிளோடு சேர்த்து அந்த ஆளைத் தூக்கிப் போட்டால் என்ன என்று இருந்தது. ஜெயம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மணி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நின்றபடியே. தெருமுனையில் சைக்கிள் பெல் அடித்தது, ரெண்டு தடவை. போய்விட்டாள்.

15-9-87, செவ்வாய்

இன்று நடந்ததை முழுக்க எழுதிவைக்க வேண்டும்.

மறியல் காரணமாக அவன் ஆபீசில் எல்லோருக்கும் லீவு ரத்து. கவர்மெண்டு ஆளை யாரும் மறிக்கவில்லை, கவர்மெண்டே மறித்துவிட்டது! மூணு மணிக்குத் தெருமுனைக்கு வந்து நின்றான். மணியும் கூட வந்தாள். பாயைக் கடையைவிட்டு இழுத்து வந்திருந்தான்.

"பாய், டிரைவர்கிட்ட சொல்லு. பிரயாணம் கேன்சல். பைய எடுத்துக்கினு வரச் சொல்லு."

நான் பையை எடுக்கத் திரும்பினேன். விரோதம் இருந்தால் என்ன, அவன் பை. அப்போது மணி சொன்னாள். கத்தவில்லை.

"பைய எடுக்காத அண்ணா."

ஆறு வருஷத்தில் முதல் 'அண்ணா'. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"நீங்கதான சொன்னீங்க," என்று புருஷனிடம் திரும்பினாள், "கிளம்பின துணி ஆளில்லாம வூட்டுக்குத் திரும்பினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு? நீங்க கிளம்பல. உங்க வேட்டி நம்ம வூட்டுக் கொடியிலதான் தொங்குது. என் சேலை கிளம்பிடுச்சி. நானு போயே ஆவணும்."

"இன்னா பேசற நீ? ஒண்டியாவா போவ?"

"மீனம்பாக்கம் வரைக்கும் அண்ணி கூட வருவாங்க. அந்தப் பக்கம் எறங்கினா உங்க தம்பி நிப்பாரு. இதுல ஒண்டி எங்க?"

"ஊரு சிரிக்கும்டி."

"அப்ப ஜோசியர கேளுங்க."

கேட்டுவிட்டே வந்தான். சைக்கிளில் போய், ஐந்து மணிக்குத் திரும்பினான். ஜோசியர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. முகத்தில் எழுதியிருந்தது. தன் பஞ்சாங்கம், தன் திமிர், தன் வேட்டி. தானே கட்டிய கயிற்றில் தானே மாட்டிக்கொண்டான்.

"பாய்," என்றான். "டிரைவர்கிட்ட சொல்லு. அவ பின்சீட்டுலதான் உக்காரணும். அவன் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பாய், ஆரன் அடிக்கலாமான்னு கேளு" என்றேன்.

16-9-87, புதன், பல்லாவரம்

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மணி என் வீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

தியாகதுருகம் தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணி, இந்த டிரைவர்கிட்ட சொல்லுங்க. முடி ரொம்ப நரைச்சிப்போச்சின்னு."

"ஜெயம்மா, அந்த அம்மாகிட்ட சொல்லு. சவாரிக்காரங்க டிரைவர் தலையப் பாக்கக்கூடாது, ரோட்டப் பாக்கணும்."

விழுப்புரம் வரை இப்படியே. நடுவில் இருந்த ஜெயம்மாளுக்குத் தபால்காரி வேலை. விழுப்புரம் தாண்டியதும் அவளே, "அட போங்க, நேரா பேசிக்குங்க. எனக்கு வாய் வலிக்குது" என்றாள். அப்புறம் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுத வராது.

வழியெல்லாம் புளிய மரத்தடியில் ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். ரம்பம், கோடாலி, கயிறு. ஒருவன் குனிந்து பார்த்து, "சீக்கிரம் போயிடுண்ணே. நாளைக்கு இந்த ரோட்டுல ஒரு சைக்கிள்கூடப் போவாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

19-9-87, சனி, மீனம்பாக்கம்

இரண்டு நாளாக மெரினா காட்டு என்று நச்சரித்தாள். காட்டவில்லை. மேலேயிருந்து பார் என்றேன்.

வாசலோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, பயமா கீது."

"எதுக்கு?"

"நீ நெசமாவே கடலக் குடிச்சிட்டிருந்தீனா?"

"மிச்சம் கீதான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாள், ஒரு தடவை.

21-9-87

ஊருக்குப் போக வழி இல்லை. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். செத்தவர்கள் எத்தனை என்று ஆளுக்கு ஒரு எண்ணிக்கை. பெரியப்பா மகன்களின் முகம்தான் வந்து வந்து போகிறது. ரஜியா சோறு போட்டாள். இறங்கவில்லை. வேடிக்கை பேச இன்று ஒன்றும் இல்லை.

27-9-87, ஞாயிறு

நேற்று பிளேனில் இறங்கினாள். வெயிலில் கறுத்திருந்தாள். இன்று ஊர் திரும்பினோம். ரோடு ஓரமெல்லாம் வெட்டிய மரம். தார் முழுக்கக் கரி. பெரியப்பா மகன்கள் உயிரோடு இருக்கிறார்கள். சின்னவன் ஜெயிலில்.

திண்டிவனம் தாண்டியதும் முந்தானையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் மடியில் போட்டாள். கலங்கல் தண்ணீர்.

"இன்னாது?"

"நீ குடிக்காம உட்டது."

நேராக அவள் வீட்டுக்குத்தான் ஓட்டினேன். தியாகதுருகம் வந்ததும் தோளைத் தட்டினாள். "கிளம்பின வாசல் வழியாத்தான் திரும்பணும். உன் வூட்டுக்கு உடு." அப்படி ஒரு சாஸ்திரம் நான் கேள்விப்பட்டதே இல்லை. மணி இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். உட்கார்ந்து.

28-9-87

ஸ்டாண்டில் வேடியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மறியல் சமயம் அரங்கநாதன் ஆபீஸ் ஜீப்பில் போயிருக்கிறான். முன்னால் ஒரு மரம், பின்னால் ஒரு மரம். இரண்டு நாள் நடுவில் மாட்டிக்கொண்டான். மறியல்காரர்களே அண்டாவில் சோறு பொங்கிக் கொடுத்தார்களாம். எங்கள் ஆட்கள் முதலில் சாப்பிடட்டும், ஜீப்பு ஆளுங்க ரெண்டாம் பந்தி என்று உட்கார வைத்தார்களாம்!

ஆறு வருஷம் காத்திருந்த வார்த்தை. தேடாமலே கையில் வந்து விழுந்திருக்கிறது. வரட்டும் அவன்.

11-10-87, ஞாயிறு

மணி வந்தாள். கேட்காமல், பை இல்லாமல், பஞ்சாங்கம் இல்லாமல்.

அவன் தெருமுனையில் சைக்கிளோடு. ஆனால் இன்று முகம் இந்தப் பக்கம். நான் வாசலுக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்தான். 'மாப்ள, எத்தினியாவது பந்தி?' வார்த்தை நுனிநாக்கில். தெருவில் ஆளும் இருக்கிறது, சிரிக்க.

மணி உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடிக்கவில்லை.

விழுங்கிவிட்டேன். அந்தக் கடல் தண்ணீரையே குடித்த மாதிரி கரித்தது.

ஜெயம்மாள் டீ எடுத்துப் போனாள். வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் டம்ளர் காலியாக வந்தது. கீழே ஊற்றியிருப்பான், ராஸ்கல். போய்ப் பார்த்தேன். மண் காய்ந்துதான் இருந்தது.