செவலைக்குப் பிடித்த தண்ணீர்

தங்கச்சி,

இன்றைக்குக் காலையில் உன் பசு செவலையின் மகள் வாளியை முட்டித் தள்ளிவிட்டாள். நேற்றிலிருந்தே தண்ணீரை மோந்து பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள். வெயில் காலத்தில் மாடு அப்படித்தான் என்று நான் உன் மகள் அஞ்சலையிடம் மாட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருந்தேன். வாளி கவிழ்ந்த பிறகுதான் கிணற்றிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. போன பௌர்ணமிக்குக் கடல் பொங்கி மண்கரை உடைந்து, தென்னைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி நின்றது. மறுநாளே வடிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று கம்பத்துக் குடிசைக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அது கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது ஒருவருக்கும் தெரியவில்லை. உன் மாட்டின் மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ இல்லை, அதனால் எழுதுகிறேன். எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. இரண்டாம் வகுப்பு முடித்ததும், இனி இவனுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிய ஆள் நான். நீ சிரிப்பாய். சிரி.

கவிழ்ந்த வாளியை நிமிர்த்திக்கொண்டே அஞ்சலை கேட்டாள். “இப்ப எங்க போறது மாமா?”

இதே கேள்வியைப் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தபோது நீ என்னிடம் கேட்டாய். உன் புருசன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த மறுநாள். ரயில்வே வீட்டை மாதக் கடைசிக்குள் விட வேண்டும். அஞ்சலை அப்போது தவழ்ந்து முடித்து நிற்கப் பழகின பிள்ளை. உன் புருசனின் அண்ணன், நாம் பெரியவர் என்று கூப்பிடுவோமே, அவர் வந்து வாசல்படியில் நின்றுகொண்டே பேசினார். “நானும் எஞ் சம்சாரமும் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறோம். புள்ளைய எங்ககூட அனுப்பிடு. ஒத்தப் பொம்பள நீ எங்க வச்சு வளப்ப?”

“வீடு பாத்துட்டுச் சொல்றேங்க.”

“கப்பல் கெளம்புறதுக்குள்ள பாரு. பாத்தா உம்புள்ள. இல்லாட்டி எங்ககூட வருது.”

அவர் போன பிறகு நீ என்னைப் பார்த்தாய். நான் அந்தக் காலத்தில் இஞ்சின் கொட்டகையையே என் தோளில் வைத்து நடத்திக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும். கரி அள்ளுகிற கூட்டத்தில் ஒருவன் என்று சிலர் சொல்வார்கள். அள்ளுகிறவன் நிறுத்தினால் இஞ்சின் ஓடுமா? ஆனாலும் படுக்க எனக்கு அரைக் கட்டில்தான் இருந்தது. பகல் வேலைக்காரன் எழுந்தால் இராத்திரி வேலைக்காரன் அதே சூட்டில் படுப்பான். உன்னையும் பிள்ளையையும் மாட்டையும் அந்த அரைக் கட்டிலில் நான் எங்கே வைப்பேன்? நீயே முடிவு சொன்னாய்.

“கடலோரமாப் பாப்போம்ணே. இந்தப் பட்டணத்துல மனுசனுக்கே எடமில்ல, செவலைய எங்க கட்டுறது? அங்க காய்ச்சல்னு எல்லாரும் ஓடி வராங்க. எல்லாரும் ஓடி வர்ற எடத்துலதான் வாடகை கம்மியா இருக்கும்.”

உனக்கு இருந்த சொத்து அந்தச் செவலை ஒன்றுதான். பாலை விற்றால் சோறு, சோறு கிடைத்தால் பிள்ளை உன்னோடு. அதனால் போகிற இடத்திலெல்லாம் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்து மாட்டுக்கு வைத்துப் பார்ப்பது என்று நீ ஏற்பாடு செய்தாய். புட்டிகளைக் கொடுத்தவன் நான். துரை பிராந்தி குடித்த சதுரப் புட்டிகள். அவர் கையாலேயே எனக்குக் கொடுத்தது. பங்களாவுக்குப் பின்னால் கிடந்தவை என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போனோம். பித்தளைப் பொத்தான் வைத்த என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். என்னைக் கண்டதும் ரயில் டிரைவர் ஊதல் ஊதினார். “எல்லா ஸ்டேசன்லயும் ஊதுறாருண்ணே” என்றாய். துறைமுகத்துக்குப் பின்னால் சாமான்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் ஓலை வேய்ந்த அறை ஒன்று இருந்தது. வாடகை மாதம் ஐந்து வெள்ளி என்றார். நல்ல மனிதர், பசியாறச் சொல்லி ரொட்டியும் கோப்பியும் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்து, “தம்பிக்கு எங்க சோலி?” என்று கேட்டுவிட்டார்.

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? “பிரிக்பீல்ட்ஸ் இஞ்சின் கொட்டகை நம்ம கையிலதான் பாய். ஒரு திருகாணி வாங்கணும்னாலும் தொரை என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் வாங்குவாரு. போன மாசம் கிள்ளான் பாலம் ஆடுதுன்னு சொன்னது யாரு? நாந்தான்.”

பாய் கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்படியா. பெரிய எடம். அப்ப எட்டு வெள்ளின்னு வச்சுக்குவோம். கொறச்சுச் சொன்னா ஒங்களுக்கில்ல மரியாதைக் கொறச்சல்.”

திரும்பி வரும்போது கிள்ளான் தாண்டும் வரைக்கும் நீ விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாய். பிறகு அஞ்சலையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாய். “அண்ணே, நீங்க பெரிய ஆளா இருக்கறது எனக்குக் கட்டுப்படியாகல.”

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஒரு வாடகையை ஐந்திலிருந்து எட்டுக்கு ஏற்றுகிற தோற்றம் எத்தனை பேருக்கு உண்டு, சொல். ஆனால் உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதும் நினைவுக்கு வந்துவிடுகிறது. கப்பல் வர அதிக நாள் இல்லை.

அடுத்த ஞாயிறு மோட்டார் பஸ்ஸில் மோரிப். மணலும் காற்றும் என்னைப்போல ஒரு ராஜாவுக்கு ஏற்ற இடம். அஞ்சலை அலையைப் பார்த்துக் கைகொட்டினாள். நீ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “வீடு சும்மாவே கூடக் கெடைக்கும்ணே. பால் வாங்குறது யாரு? தொரைமாரு வந்து குளிச்சிட்டுப் போயிடுறாங்க. நண்டுக்கா ஊத்துறது?” என்றாய். ஆனாலும் புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவரின் கப்பல் போகிற கடலும் அதுதானே.

திரும்புகிற வழியில் தெலுக் பங்லிமா காராங்கில் பஸ் கொதித்துப் புகை விட்டது. டிரைவர் சாலையோரக் கிணற்றில் தண்ணீர் இறைக்க இறங்கினான். அந்தக் கிணற்றுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அத்தாப்பு ஓலைக் குடிசையை நீ பார்த்தாய். தென்னைக்கடியில் முழங்கால் உயரத்துக்குப் புல். கடல் கண்ணுக்குத் தெரியாது, சேற்று வாடை மட்டும் வரும். கிட்டத்தில் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயங்கள். லயத்தில் பிள்ளைகள் இருக்கும், பிள்ளைகள் இருந்தால் பால் வேண்டும். இவ்வளவையும் ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிட்டு எழுந்தாய். நானும் எழுந்தேன்.

“கோட்டக் கழட்டுங்க” என்றாய். கழற்றினேன். “இப்ப உக்காருங்க” என்றாய்.

பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன், கோட்டு மடியில், அஞ்சலை கோட்டின்மேல். குடிசைக்குச் சொந்தக்காரர் வயதான மலாய்க்கார ஹாஜி. உன் மலாய்ப் பேச்சு பாசாரில் மீன் வாங்கப் பழகினது, அவ்வளவுதான். அவர் உன் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “லாக்கி மானா?” என்று கேட்டார். புருசன் எங்கே என்று.

“மாத்தி” என்றாய். செத்துப்போனார்.

அவர் பஸ்ஸில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். “சியாப்பா ஜாகா?” உங்களுக்கு யார் காவல் என்று கேட்கிறார். அந்த இடத்தில் நான் இறங்கிப் போயிருந்தால் கிள்ளான் பாலத்துக் கதையிலிருந்து ஆரம்பித்திருப்பேன். நீ அந்தக் கிணற்றில் நிரப்பிய புட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “சாயா ஜாகா” என்றாய். நான்தான் காவல். அவ்வளவே சொன்னாய். மூன்று வெள்ளி என்றார் அவர்.

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் மாட்டுக்கு முன்னால் மூன்று சட்டி. போர்ட் தண்ணீரை நக்கிப் பார்த்துத் தும்மியது செவலை. மோரிப் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது சட்டியைக் குடித்து முடித்து, காலிச் சட்டியையும் நக்கியது. பெரியவர் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மாட்டக் கேட்டா வீடு புடிக்கிற?” என்றார்.

“பால் அதுதானே குடுக்குது” என்றாய். “அதுகிட்ட கேக்காம யாருகிட்ட கேக்குறது?”

அந்தக் கப்பல் அஞ்சலை இல்லாமல் போயிற்று.

செவலையைப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடத்திக் கொண்டு சேர்த்தவன் நான். வழியில் புலி வந்ததையும், நான் கோட்டை விரித்துப் பிடித்து அதன் கண்ணுக்கு நேராக நின்றதையும் லயத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்கிறேன். அது நாய் என்று நீ ஒருத்திதான் சொன்னாய். இப்போது மறுத்துச் சொல்ல ஆளில்லை. புலி வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது, தங்கச்சி. சொல்லும்போது சந்தோஷமாக இல்லை.

மீதியை நான் நீட்டப்போவதில்லை. சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாய். பிறகு, எல்லோரும் ஓடி வந்தது எதற்காகவோ அந்தக் காய்ச்சல் உன்னையும் பிடித்தது. செய்தி கிடைத்து வந்தபோது வாசலிலேயே சொன்னேன், கிள்ளான் ஆஸ்பத்திரியிலேயே பெரிய டிரஸ்ஸர் என் சேக்காளி, கூப்பிட்டால் ஓடி வருவார் என்று. சேக்காளி இல்லை. ஆனால் கெஞ்சியதில் ஒருவர் வந்தார். கொயினா மருந்து கொடுத்தார், ஈரத்துணி போடச் சொன்னார், போய்விட்டார். நான் துணியை நனைத்தேன், பிழிந்தேன், போட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு தடவை கண் திறந்து, “கோட்டக் கழட்டுங்கண்ணே, வேகும்” என்றாய். அப்புறம், “புள்ளையக் கப்பல்ல ஏத்திறாதீங்க” என்றாய்.

நீ போன கையோடு வேலை சுருங்கி என்னையும் கொட்டகையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். துரை அழுதார். சரி, அழவில்லை, ஊரில் இல்லை. அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். பால் கறக்க அஞ்சலை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். போன பௌர்ணமிக்குக் கடல் உள்ளே ஏறின செய்தி பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போய், ஊரிலிருந்து திரும்பி வந்திருக்கிற பெரியவர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார். “ஒத்த ஆம்பள, பொட்டப்புள்ளைய எங்க வச்சு வளப்பான்? புள்ளைய எங்ககூட அனுப்பச் சொல்லு.”

கேள்வி அதேதான், தங்கச்சி. பதில் சொல்ல நீ இருந்தாய் அப்போது. நான் ஒரு பெரிய ஆள், எனக்கு எல்லா இடத்திலும் ஆளுண்டு. யாரிடம் போவது என்று மட்டும் தெரியவில்லை.

மேலே எழுதினது வெள்ளிக்கிழமை. இன்றைக்கு ஞாயிறு. அஞ்சலையும் நானும் ஜெராம் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். விளக்கு வைக்கிற நேரம். மீன்காரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அவள்தான் அந்த இடத்தைச் சொன்னாள். மேட்டில் ஒரு குடிசை, அடியில் புல். கிணற்றுப் பக்கம் போகும் முன் நானாகவே கோட்டைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பொத்தான் தெரியாதபடி மடித்தேன்.

குடிசைக்குச் சொந்தக்காரி ஒரு மலாய்க் கிழவி. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். “மாக் மானா?” என்றாள். தாய் எங்கே.

“மாத்தி.”

“சியாப்பா ஜாகா?”

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது எல்லாம். இஞ்சின் கொட்டகை, துரை, பாலம், புலி. அஞ்சலை என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாயா ஜாகா” என்றேன்.

கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டு நாம் கொடுக்க முடிகிற ஒரு வாடகையைச் சொன்னாள். மாட்டைக் கட்ட எந்தத் தென்னை என்றுகூடக் காட்டினாள். ஆனால் நாளைக்குள் சொல்ல வேண்டுமாம், வேறு ஒரு குடும்பமும் கேட்டிருக்கிறதாம்.

பஸ்ஸில் அஞ்சலை கேட்டாள். “மாமா, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? இவ்வளவு கம்மியாப் பேசுறீங்க.”

மூன்று புட்டியில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். அதில் ஜெராம் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. வழி முழுக்க இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன், அன்றைக்கு நீ பிடித்த மாதிரியே. மாடு மூன்று நாளாகத் தொட்டியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர்தான் குடித்தது, அதுவும் தீரப்போகிறது. காலையில் சட்டியில் ஊற்றிச் செவலையின் மகள் முன்னால் வைக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்பிவிட்டால் அடுத்து எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அஞ்சலை இப்போதே சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். புட்டி என் பக்கத்தில் இருக்கிறது. பூனை தட்டிவிடாமல் நான் ஜாகா இருக்கிறேன்.