முள் பதிமூன்றைத் தொட்டது

மே 9, வெள்ளி

மார்லாவின் காரை இன்று எழுப்பினேன். கொட்டகையின் தகரக் கூரை ஓர் அடி மேலே போய், சற்று யோசித்து, திரும்பி வந்து உட்கார்ந்தது. மூன்று மைலுக்கு அப்பால் பாதிரியாரின் பல்செட் கழன்று விழுந்திருக்கும்.

என் தங்கை வெர்னாவின் மகள் மார்லா. வெல்டர். காரும் அவளுடையது, ஓட்டப்போவதும் அவள். நான் மூளை மட்டும். குளிர்காலம் முழுக்க உழைத்து எஞ்சின் மேல் சூப்பர்சார்ஜர் ஏற்றினேன். காற்றைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிற பொறி அது. காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். ஆகவே பெரிய இன்ஜெக்டர்கள், டாங்கிக்குள் இரண்டு பம்பு, தடித்த குழாய். எவ்வளவு எரிபொருள் எப்போது பாய வேண்டும் என்ற கணக்கை மார்ச்சில், லேப்டாப்பை மடியில் வைத்து எழுதி முடித்தேன். இந்தியானா மாநிலம் இதுவரை இப்படியொரு கணக்கைப் பார்த்ததில்லை.

மே 11, ஞாயிறு

சர்ச் விருந்து. தட்டைவிடப் பெரிய பன்றிக்கறி வறுவல். வாய் நிறைய அது இருந்தும் நான் பேசினேன். அதுதான் என் திறமை.

ஜூன் ஏழு பந்தயத் திடலில் சோள விவசாயிகள் நாள். எல்லாரும் காலி டாங்கியோடு வந்து, சங்கத்துத் தொட்டியிலிருந்து மக்காச்சோளச் சாராயமும் பெட்ரோலும் கலந்த எரிபொருளை நிரப்பிக்கொண்டுதான் ஓட வேண்டும். சோளச் சாறு என்போம். விவசாயிகள் சங்கத் தலைவர் என் மச்சான் ஹார்லன், வெர்னாவின் கணவர்.

டுவெயின் புக்வால்டர், அன்று எங்களை எதிர்த்து ஓடப்போகிற தன் கறுப்பு லாரியைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். நான் எழுந்து நின்றேன்.

“டுவெயின், அந்த லாரிக்குப் பின்னாடி பாக்குற கண்ணாடி எதுக்குய்யா? கழட்டி வித்துடு. மார்லா முன்னாடிதான் இருப்பா.”

“பேச்சுக்கு வரி போட்டா மொதல்ல நீதான்டா ஜெயிலுக்குப் போவே, லொவெல்.”

“அஞ்சு லாரி நீளத்துல ஜெயிக்கலைன்னா திடல் நடுவுல நின்னு என் தொப்பியைத் திங்கறேன்!”

ஹார்லன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவருக்கு ஒரே கவலை, கார் கதவில் வரையப்போகும் சோளக்கதிர் மஞ்சளா பச்சையா என்பதுதான்.

மே 20, செவ்வாய்

திடலில் ஒத்திகை. மார்லா இறங்கி வந்து, “மாமா, முழுசா மிதிச்சா முள் பதிமூணைத் தொடுது,” என்றாள்.

எரிபொருளுக்கு எத்தனை மடங்கு காற்று என்று காட்டும் முள் அது, பதினொன்றரையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று பொருள். பிஸ்டன் வெண்ணெயாக உருகும்.

“சென்சார் அழுக்கு. முள் பொய் சொல்லுது,” என்றேன்.

முள் தப்பினால் எஞ்சின் தானே அடங்கிவிடும்படி ஒரு காவலையும் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு ஓட்டத்தையும் பாதியில் நிறுத்தியது. அவமானம். அணைத்துவிட்டேன்.

மே 22, வியாழன்

புதுச் சென்சார் மாட்டியாயிற்று. கணக்கெழுதிய மாமன்னர், அதாவது நான், நலம்.

மே 28, புதன்

புதுச் சென்சாரும் பதிமூன்று என்கிறது. ஒன்று, உலகத்துச் சென்சார்கள் எல்லாம் எனக்கெதிராகச் சதி செய்கின்றன. அல்லது —

கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் விட்டேன், அதன்மேல் காரிலிருந்த சோளச் சாற்றை. குலுக்கினேன். சாராயம் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது, பெட்ரோல் மேலே மிதந்தது. பார்த்தால் நூற்றுக்கு எண்பத்திரண்டு சாராயம். மார்ச்சில் அளந்தபோது அறுபத்தெட்டு.

அட மடையா! குளிரில் வண்டி கிளம்பட்டும் என்று பெட்ரோலைக் கூடுதலாகக் கலந்துதானே விற்கிறார்கள்? கோடை வந்ததும் சாராயத்தை ஏற்றிவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் அதே பலகை, அதே மஞ்சள் குழாய். சாராயம் கூடினால் எஞ்சின் இன்னும் அதிகமாகக் குடிக்கும். நான் குளிர்காலச் சாற்றுக்குக் கணக்கெழுதி, கோடைச் சாற்றை ஊற்றியிருக்கிறேன். சோளக்காட்டு நடுவில் பிறந்து வளர்ந்தவன்!

கணக்கை மாற்றலாம் என்றால் பம்புகள் ஏற்கனவே மூச்சு முட்டி ஓடுகின்றன. பெரிய பம்பு ஜூன் பாதிக்குப் பிறகுதான் வரும்.

மே 30, வெள்ளி

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சொன்னால் டுவெயின் எனக்கு உப்பு மிளகோடு தொப்பியைப் பரிமாறுவான். சோளச் சாறு மாறிப்போச்சு என்றால் ஹார்லனுக்கு அது பெற்ற தாயைத் திட்டின மாதிரி. நான் குடியிருப்பது அவர் கொட்டகை மாடியில், சாப்பிடுவது அவர் மேசையில். சொல்லாவிட்டால், அந்த எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது மார்லா.

காற்றைக் குறைக்க ஒரு வழி உண்டு. சூப்பர்சார்ஜரைச் சுற்றவைக்கும் பட்டைச் சக்கரத்தை, அதாவது புல்லியை, பெரிதாக்கினால் அது மெதுவாகச் சுற்றும், பம்பு தாக்குப்பிடிக்கும். கார் தோற்கும்.

மாடியில் ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிவது சோளம், சோளம், சோளம்.

ஜூன் 2, திங்கள்

டாங்கியில் ரகசியமாகப் பெட்ரோல் கலந்தால்? முடியாது. அன்று நிரப்பப்போவது ஹார்லன், ஊர் முழுக்கப் பார்க்க, பேண்டு வாத்தியத்தோடு.

ஜூன் 4, புதன்

மார்லா ருபார்ப் பை கொண்டுவந்தாள், புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம். சூடாக.

“நீ சொன்னாப் போதும் மாமா. சனிக்கிழமை நான் முள்ளைப் பாக்கவே மாட்டேன்.”

இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஏன்டா இவ்வளவு நம்புகிறாள்? யார் கேட்டார்கள்?

ஜூன் 5, வியாழன்

மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். வளைத்து வளைத்துப் பேச நினைத்திருந்தேன், ஆனால் வந்தது இவ்வளவுதான்: “முள் பொய் சொல்லலை. நான்தான் தப்பு. காவலையும் அணைச்சுட்டேன். இப்படியே ஓட்டினா எஞ்சின் வெடிக்கும்.”

ஹார்லன் கரண்டியை வைத்தார். “என் சோளத்துல குத்தமா, மச்சான்?”

“சோளத்துல இல்ல. மார்ச்சுல ஒண்ணு, ஜூன்ல ஒண்ணு...”

“குத்தம்னுதானே சொல்றே?”

“ஏங்க, அண்ணன் பேசி முடிக்கட்டும்,” என்றாள் வெர்னா.

மார்லா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“காவலை அணைச்சது எப்போ?”

“இருபதாம் தேதி.”

“அதுக்கப்புறம் நாலு தடவை ஓட்டியிருக்கேன்.” எழுந்தாள். “பெரிய புல்லி எங்க இருக்கு?”

கொட்டகையில் இருவரும் அதை மாட்டினோம். கோடைச் சாற்றுக்குக் கணக்கைத் திருத்தினேன், ஒவ்வொரு வரியையும் அவள் படித்துப் பார்த்தாள். காவலைத் தன் கையாலேயே போட்டாள். பேச்சு ஸ்பானர் அளவைப் பற்றி மட்டும்.

ஜூன் 7, சனி

தோற்றோம். ஐந்து லாரி நீளம், எதிர்ப்பக்கமாக. ஒலிபெருக்கிக்காரன், “லொவெலுக்குக் கொஞ்சம் சாஸ் கொண்டுவாங்கப்பா!” என்றான். திடலே சிரித்தது. பக்கத்து மாவட்டத்துப் பசுக்களும் சிரித்தன.

நடுவில் போய் நின்று தொப்பியின் விளிம்பைக் கடித்தேன். நூல் பல்லில் மாட்டிக்கொண்டது. டுவெயினுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். “போதும்டா, செத்துடாதே,” என்று தொப்பியைப் பிடுங்கினான்.

கார் தன் சக்தியிலேயே திரும்பி வந்தது. மார்லா அதிலிருந்து தன் காலில் இறங்கினாள். என் பக்கம் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் நான் உப்பு கேட்டால் ஹார்லன் அதை வெர்னா வழியாக அனுப்புகிறார்.

ஜூன் 14, சனி

மாடியில்தான் இருக்கிறேன். ஹார்லன் போகச் சொல்லவில்லை, பேசவும் இல்லை. இந்த வீட்டில் இவ்வளவு நல்ல பிள்ளையாக நான் என்றுமே இருந்ததில்லை. தாங்கவில்லை.

ஜூன் 21, சனி

பெரிய பம்பு வந்து, வாரம் முழுக்க மாட்டினோம். இன்று திடலில் ஆளில்லை. லேப்டாப்பின் கடவுச்சொல்லை மார்லா மாற்றிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளே கணக்கை ஏற்றினாள். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறு. நான் ரோட்டைப் பாக்கணும், நீ முள்ளைப் பாரு.”

அவள் மிதித்தாள். என் முதுகெலும்பு சீட்டுக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறி — என்று ஆரம்பித்தேன்.

“கதை வேணாம் மாமா. நம்பரைச் சொல்லு.”

“பதினொன்று புள்ளி நாலு,” என்றேன்.

மூன்றாவது கியர். மறுபடி கேட்டாள். மறுபடி பார்த்தேன்.

“பதினொன்று புள்ளி நாலு.”

அவள் காலை எடுக்கவில்லை.