கொட்டகைப் பூட்டு

அன்புள்ள அப்பாவுக்கு, சக்தி வணங்கி எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிறன்று விஜயநகர் மைதானத்தில் சிறுமிகளின் கோ-கோ போட்டிக்கு நான்தான் நடுவர். எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிய ஒருத்தியை அவுட் என்றேன். அவளுடைய அப்பா ஆடுகளத்துக்குள்ளேயே வந்துவிட்டார். “எம் பொண்ணையா அவுட்டுங்கற? உன் ரூம் எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும்!” நான் சிரித்து மழுப்பினேன். போகும்போது அந்தச் சிறுமிதான் என் காதருகே வந்து, “அப்பா சொன்னா செஞ்சிடுவாரு மிஸ்” என்றாள்.

வேறு விசேஷமில்லை. மாட்டுக் கொட்டகையின் பெரிய பூட்டு சும்மாதானே கிடக்கிறது? பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதெல்லாம் லேசாக இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமல்தான் படுக்கிறேன். ஊதினால் பக்கத்து வீட்டுக்காவது கேட்கும்.

சக்தி