ராஜகிரிப் பந்து

1965, ஆடி வெள்ளி.

செஞ்சியின் மூன்று மலைகளையும் மலைக்கொன்றாக மூன்றே மூன்று கால்பந்துகளில் வண்ணமாகத் தீட்டினேன். நான்காவது கிடையாது. அதில் ராஜகிரி மலை இருக்கும் பந்தை என்னிடம் வாங்கிய பாத்திரக்கடை முதலாளி, இன்று கடைக்கு வந்த பாண்டிச்சேரிக்காரரிடம் என் கண்ணெதிரே, "நானே ஒக்காந்து வரஞ்சேன் சார்" என்றான். என் பக்கம் திரும்பி, "இன்னா பாக்கிற? சாருக்கு டீ வாங்கினு வா" என்றான். வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்சில், ஊர் பார்க்க அந்தப் பாண்டிச்சேரிக்காரருக்கே அந்தப் பந்தைப் பரிசளிக்கப் போகிறானாம்.

படம் கெடக்கூடாதென்று என் பெயரைப் பந்தின் வாயை இழுத்துக் கட்டியிருக்கும் நாடாவுக்கு அடியில், உள்தோலில் சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கிறேன். பந்தில் காற்று இப்போதே இறங்கிவிட்டது. நாடாவை அவிழ்க்காமல் காற்றடிக்க முடியாது.

மேடையில் அவன் கையாலேயே அவிழ்க்கட்டும். பம்பை நான் கொண்டுபோகிறேன்.