பதில் வரத் தாமதமானா

அன்புள்ள அம்மாவுக்கு தர்ஷிகா எழுதுறது. சிங்கப்பூர்ல நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி? டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?

வேலையில ஒரு கூத்து. ரெண்டு கம்ப்யூட்டர் வேற யாருக்கும் புரியாம ரகசியமா பேசிக்கிறதுக்கு, சி மொழியில புரோகிராம் எழுதுறேன். அந்தப் பக்கத்துப் பதில் வரத் தாமதமானா, "இன்னும் வரல, திரும்பக் கேளு"ன்னு ஒரு எரர் வரும். காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல குரல் வரலேன்னா கணக்கப்புள்ள பேரை வெட்டுற மாதிரி, நான் என்ன எரர்னு பாக்காமலே கனெக்சனை வெட்டிட்டேன். நல்லா இருந்ததெல்லாம் அறுந்துபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இப்ப திருத்திட்டேன். இனி புரோகிராம் என்ன எரர்னு பாத்து, தேவைன்னா காத்திருக்கும்.

யாராவது இங்க வந்தா நம்ம தோட்டத்துத் தேயிலத்தூள் குடுத்தனுப்புங்க. என் பழைய கம்பளியும் வேணும். ஏசி குளிரு நம்ம குளிரு மாதிரி இல்லம்மா.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழம சத்தம் வரலேன்னு போனை வச்சிட்டீங்க. லைன் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் உடனே பேசல. அடுத்த தடவ கொஞ்சம் பொறுங்கம்மா, பேசிடுவேன்.

பஸ் வந்துருச்சு.

உங்க மக
தர்ஷிகா